அடித்தொண்டையில் ஒரு உறுத்தல்

என் நாக்கைப் பற்றி நானே பெருமை பேசுவது அழகில்லை என்று எனக்குத் தெரியும். வேறு யாரும் பேசாததால் நான் பேச வேண்டியிருக்கிறது. தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பது என் உத்தியோகம். ஜன்னலோரமாக ஒரு நீண்ட மேஜை, அதன்மேல் வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி, பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர வேண்டும். சின்ன வயதில் எதற்காக வீட்டில் அடி வாங்கினேனோ அதற்கு இங்கே சம்பளம் கொடுக்கிறார்கள். ஆபீஸில் எனக்கு ‘நாக்கு சார்’ என்று பெயர். பார்சல் கொண்டுவருகிறவர்கூட வாசலில் நின்று, “நாக்கு சார் வந்துட்டாரா?” என்றுதான் கேட்பார்.

நாக்கை வைத்துப் பிழைக்கிறவனுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. காலையில் காரம் கிடையாது. வாசனை சோப்பு கிடையாது. மாத்திரை கிடையவே கிடையாது. மாத்திரை போட்டால் நாக்கின்மேல் ஒரு படலம் உட்கார்ந்துவிடும் என்பது என் கட்சி. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று படித்தவர்கள் பலர் சொல்லிப் பார்த்தார்கள். அவர்களுக்கு என்ன, அவர்கள் நாக்கு பேசுவதற்கு மட்டும்தானே.

சில வருஷங்களுக்கு முன்பு எனக்கு நெஞ்சுவலி வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு குழாயில் லேசான அடைப்பு என்றார் இதய டாக்டர். ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின் எழுதினார். தினமும் ஒன்று, உயிர் உள்ளவரைக்கும்.

“உயிர் இருக்கிற வரைக்கும் நாக்கு மரத்துக் கிடக்கணுமா டாக்டர்? அதுக்கு நான் இப்பவே கிளம்பிடுறேன்” என்றேன்.

டாக்டர் என் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த இதயத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். என் பேச்சு எடுபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை, அதனால் ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் இதய டாக்டர், “மாத்திரை எப்படிப் போகுது?” என்று கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டு, “ஒரு நாள்கூடத் தவறாம போயிட்டிருக்கு டாக்டர்” என்பாள். முகத்தில் ஒரு சலனம் இருக்காது. என் நாக்குக்காக இந்தப் பெண் ஒரு டாக்டரிடமே கூசாமல் பொய் சொல்கிறாளே என்று உள்ளுக்குள் உருகிப் போவேன்.

இனி எலுமிச்சை ஜூஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இரண்டு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸும் வரும். நாள் முழுக்கத் தேயிலைச் சாறு ஊறிய வாய்க்கு அது ஒரு விடுதலை. சர்க்கரை கொஞ்சம், உப்பு கொஞ்சம், புளிப்பு தாராளமாக இருக்கும். முதலில் புளிப்பு வந்து நிற்கும், பின்னாலேயே உப்பு. இரண்டும் போனபிறகு அடித்தொண்டையில் ஒரு சின்ன உறுத்தல் வரும். விரல் நகத்தால் லேசாகச் சுரண்டியதுபோல இருக்கும், அவ்வளவுதான். அந்த உறுத்தல்தான் ஜூஸுக்கே உயிர். உலகத்தில் வேறு எங்கேயும் அதை நான் குடித்ததில்லை.

“என்ன சேக்குற இதுல?” என்று கேட்பேன்.

“என்ன சேப்பாங்க? எலுமிச்சம்பழம்” என்பாள்.

நான் விடவில்லை. எனக்குத் தெரிந்த கடைகளில் எல்லாம் எலுமிச்சம்பழம் வாங்கி நானே பிழிந்து பார்த்தேன். தோலோடு பிழிந்தேன். கொட்டையை நசுக்கிப் போட்டேன். அவள் வெட்டுகிற கத்தியில் ஏதோ இருக்கிறது என்று அதை ஆபீஸுக்கே எடுத்துப்போய்ப் பையைச் சோதித்த காவல்காரரிடம் அசடு வழிந்தேன். எதிலும் உறுத்தல் வரவில்லை. கடைசியில் அது கைப்பக்குவம்தான் என்று முடிவுகட்டினேன். ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் நடத்தும் வகுப்பில், அளவுக்குள் அடங்காத ருசி என்பதற்கு என் வீட்டு ஜூஸைத்தான் உதாரணம் சொல்வேன். ஒருமுறை மேனேஜரையே வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அன்று பார்த்து தன் டம்ளரில் உறுத்தல் எதுவும் இல்லை என்றார் அவர், என் டம்ளரில் மட்டும் இருந்தது. வந்தவருக்கு அவசரத்தில் கலக்கியதால் சரியாக வரவில்லை என்றாள். மேனேஜர் ரொம்பப் பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார், பாவம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒருநாள் காலை, மேஜையில் ஒரு கிண்ணத்தை முகர்ந்தபோது பாதி வாசனைதான் வந்தது. கிண்ணத்தில் குறை இல்லை. இடது மூக்கை மூடிக்கொண்டு வலது மூக்கால் மட்டும் இழுத்தேன். வெந்நீர் ஆவி வந்தது, தேயிலை வரவில்லை. சளியாக இருக்கும் என்று சில நாள் பார்த்தேன். பிறகு மூக்கு டாக்டர், அவரிடமிருந்து ஸ்கேன், ஸ்கேனிலிருந்து மூளை டாக்டர் என்று கைமாறிக்கொண்டே போனேன்.

மூளை டாக்டர் ஒரு பெண்மணி. அளந்துதான் பேசுவார். ஸ்கேன் படத்தில் நெற்றிக்குப் பின்னால் ஒரு வெள்ளை உருண்டையைக் காட்டினார்.

“கட்டி கெட்டது இல்ல. இருக்கிற இடம்தான் கெட்டது. வாசனை நரம்பு மேல உக்காந்திருக்கு. வேற யாராவது இருந்தா இன்னும் ரொம்ப நாள் கவனிச்சிருக்கவே மாட்டாங்க. உங்க தொழில் உங்களைக் காப்பாத்தியிருக்கு.”

“எடுத்துட்டா வாசனை திரும்ப வருமா டாக்டர்?”

“வலது பக்கம் வராது. இடது பக்க நரம்பைக் காப்பாத்த முயற்சி பண்ணுவேன். சத்தியம் பண்ண மாட்டேன்.”

வாசனை போனால் நாக்குக்குப் புளிப்பு, உப்பு, இனிப்பு, கசப்பு மட்டும்தான் மிஞ்சும். அதை வைத்துக்கொண்டு டீ குடிக்கலாம், டீயைச் சோதிக்க முடியாது. மேஜையும் கிண்ணங்களும் வேறு யாருக்கோ போய்விடும். உயிரைப் பற்றி அப்போது எனக்கு அவ்வளவாகக் கவலை வரவில்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகு டாக்டர் வழக்கமான கேள்விகளுக்கு வந்தார். சர்க்கரை உண்டா, அலர்ஜி உண்டா என்று கேட்டவர், கொஞ்சம் நிறுத்தி, “ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்குற மாத்திரை ஏதாவது போடுறீங்களா? இது ரொம்ப முக்கியம்” என்றார்.

“நெஞ்சுவலி வந்தப்ப எழுதிக் குடுத்தாங்க டாக்டர். ஆனா நான் தொட்டதே இல்ல. சந்தேகமா இருந்தா இவளையே கேளுங்க” என்றேன் மார்தட்டாத குறையாக.

டாக்டர் அவளைப் பார்த்தார். கைப்பையின் ஜிப் திடீரென்று சிக்கிக்கொண்டதுபோல அவள் அதோடு போராடிக்கொண்டிருந்தாள். “ஆமா, அவர் மாத்திரையே போட மாட்டாரு” என்றாள் தலை நிமிராமல். அந்த வார இறுதியில் வந்து சேரச் சொன்னார்கள், அதற்கு அடுத்த நாள் ஆபரேஷன்.

அன்று சாயங்காலம் பிஸ்கட் வந்தது, ஜூஸ் வந்தது. ஒரு வாய் குடித்தேன். புளிப்பு வந்தது, உப்பு வந்தது. அதோடு சரி. தொண்டை வழுவழுவென்று சும்மா இருந்தது. இன்னொரு வாய் குடித்து நாக்கின் பின்பக்கம் நிறுத்திவைத்துப் பார்த்தேன். உறுத்தல் இல்லை.

மறுநாளும் அதே கதை. “பழம் மாத்திட்டியா?” என்று கேட்டேன். இல்லை என்றாள். கடை? அதே கடைதான். கத்தி? அதுவும் அதேதான். எல்லாப் பதிலையும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் நோயாளி ஆகிவிட்டேன், என் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை என்று புரிந்துகொண்டேன். நான் புரிந்துகொண்டது எதுதான் சரியாக இருந்திருக்கிறது.

கட்டி நாக்குக்கு வந்துவிட்டது என்று முடிவுசெய்தேன். ஆபீஸில் கடைசி நாள், மேஜையில் நின்றபோது எந்தக் கிண்ணத்தையும் நம்ப முடியவில்லை. எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் இருந்தது, ஆனால் சொல்வது என் நாக்கா என் ஞாபகமா என்று தெரியவில்லை. என் உதவியாளரை மறுபடி ஒருமுறை பார்க்கச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் நான் அப்படிச் சொன்னதே இல்லை. அவர் கரண்டியை எடுத்தார். நான் கைகழுவப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மருத்துவமனையில் சேர்ந்த அன்று மத்தியானம், கழுத்தில் அட்டை தொங்க ஒரு இளம் டாக்டர் வந்தார். பார்த்தால் பரீட்சை எழுத வந்தவர்போல இருந்தார். பக்கத்து நாற்காலியில் என் மனைவி. வாசலில் அவளுடைய தம்பி, என் மச்சினன், கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தான். அவன்தான் எங்களைக் கொண்டுவந்து விட்டவன். சின்ன டாக்டர் பழைய கேள்விகளையே மறுபடி கேட்டுவிட்டு, “டாக்டரைக் கடைசியா பாத்த பிறகு புதுசா ஏதாவது தொந்தரவு வந்துச்சா?” என்றார்.

சொல்லிவிட்டேன். நாக்கில் ருசி போய்க்கொண்டிருக்கிறது என்றேன். எப்போதிலிருந்து, எதில், எப்படி என்று அவர் கேட்கக் கேட்க ஜூஸ் கதை முழுவதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு, பெரிய டாக்டரைக் கூப்பிடப் போனார். என் மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை.

மூளை டாக்டர் வந்து நின்றபடியே கேட்டார். பிறகு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை, டாக்டர்கள் நல்ல சேதியை நின்றுகொண்டே சொல்வார்கள். நாக்கில் உப்புத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் என்று தொட்டுவைத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன், உப்பு கொஞ்சம் கூட என்றும் சொன்னேன்.

“நாக்கு ருசிக்கு வேற நரம்பு. இந்தக் கட்டி அங்க போக வழியில்ல. ஆனா திடீர்னு ஒரு மாற்றம்னு நீங்க சொன்னா நான் அதை விட்டுட முடியாது. இன்னொரு ஸ்கேன் எடுக்கலாம். வேற ஏதாவது இருந்தா ஆபரேஷனையே மாத்தி யோசிக்கணும்” என்றார்.

“இன்னொரு கட்டியா டாக்டர்?”

“தெரியாம எதுவும் சொல்ல மாட்டேன்.”

நான் உடைந்துபோனேன். மூக்கும் போய் நாக்கும் போனால் நான் யார், ஆபீஸில் என்னை என்னவென்று கூப்பிடுவார்கள், இவளுக்கு நான் எப்படிச் சோறு போடுவேன் என்றெல்லாம் எதிரில் ஆட்கள் இருப்பதையும் மறந்து புலம்பினேன். அப்போது நாற்காலி கிறீச்சிட்டது. என் மனைவி எழுந்து நின்றிருந்தாள்.

“அவர் நாக்குக்கு ஒண்ணும் ஆகல டாக்டர்” என்றாள். “அது நல்லாத்தான் இருக்கு. அளவுக்கு மேலயே நல்லா இருக்கு. ஜூஸ்ல நான்தான் தினமும் ஆஸ்பிரினைக் கரைச்சுக் குடுத்துட்டிருந்தேன். நீங்க அன்னிக்குக் கேட்டீங்களே, அன்னியிலிருந்து நிறுத்திட்டேன். அதைத்தான் ருசி போச்சு, ருசி போச்சுன்னு சொல்றாரு.”

வாசலில் சாவி சுற்றுவது நின்றது.

“எத்தனை நாளா?” என்றார் டாக்டர்.

“நெஞ்சுவலி வந்ததுலேருந்து. தண்ணியில கரையிற மாத்திரை டாக்டர். கேட்டா போட மாட்டாரு. போடாம இருந்தா என்ன ஆகும்னு அந்த டாக்டர் எங்கிட்ட சொல்லியிருந்தாரு. நான் என்ன பண்ணட்டும்? அன்னிக்கு உங்ககிட்ட சொல்ல வாய் வரல, இவர் பக்கத்துல உக்காந்திருந்தாரு. நிறுத்திட்டோமே, அது போதும்னு நினைச்சேன். இவர் இப்படி அழுவாருன்னு தெரியாது.”

டாக்டர் அவளைத் திட்டவில்லை. தன் கையை நீட்டி அவளை உட்காரவைத்தார். “நல்ல வேளை சொன்னீங்க” என்றார். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக விளக்கினார்.

“ரத்தத்துல அடைப்புப் போடுறதுக்குன்னு சின்னச் சின்ன அணுக்கள் இருக்கு. எங்க கிழிஞ்சாலும் ஓடிப்போய் ஒட்டிக்கும். ஆஸ்பிரின் பட்ட அணு ஒட்டாது. மாத்திரையை நிறுத்தினாலும் அந்த அணு சாகுற வரைக்கும் சும்மா சுத்திட்டுத்தான் இருக்கும். புதுசு ஊறி வர்றதுக்கு ஒரு வாரத்துக்கு மேல ஆகும். கையிலயோ கால்லயோ ரத்தம் கசிஞ்சா அழுத்திப் பிடிக்கலாம். தலைக்குள்ள, மூடினதுக்கு அப்புறம் கசிஞ்சா, அந்த ரத்தத்துக்குப் போக இடமே கிடையாது. மூளையைத்தான் அழுத்தும்.”

“அப்ப நாளைக்குப் பண்ணியிருந்தா...” என்று இழுத்தேன்.

“ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம். மாத்திரையை நிறுத்த முடியாதவங்களுக்கு நிறுத்தாமலேயும் பண்ணியிருக்கேன். ஆனா தெரிஞ்சு பண்றது வேற, தெரியாம பண்றது வேற. உங்க கட்டிக்கு அவசரம் இல்ல. காத்திருக்கலாம்.”

அங்கிருந்தபடியே இதய டாக்டருக்குப் போன் போட்டார். நான் மாத்திரையே போடுவதில்லை என்று சொன்னதையும் சொல்லி, கொஞ்ச நாள் மாத்திரையை நிறுத்தினால் இதயம் தாங்குமா என்று கேட்டார். அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்டது. “தாங்கும், தாங்கும். ஆனா மாத்திரை போடுறதே இல்லன்னா சொன்னாரு? அவர்தான் ஒரு நாள் தவறாம போடுறவராச்சே!”

“உண்மைதான்” என்றார் மூளை டாக்டர். “அவருக்கு மட்டும்தான் அது தெரியாது.” அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

துணி போட்டுக் கொண்டுவந்த பெட்டியைத் திறக்காமலேயே திரும்பிக் காருக்கு வந்தோம். அதுவரை அழுதுகொண்டிருந்த எனக்கு, கார் நகர்ந்ததும் கோபம் வந்துவிட்டது. பின்சீட்டில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

“இத்தனை வருஷமா! என் வீட்டுலயே! என் வாய்க்குள்ளயே!” என்று கத்தினேன். “யார் வாங்கிக் குடுத்தா மாத்திரையை? மருந்துக்கடைக்குத் தனியா போற ஆளு இல்ல நீ.”

மச்சினன் கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் திருட்டு முழி முழித்தான். “அத்தான், வண்டி ஓட்டும்போது என்னைத் திட்டாதீங்க” என்றான்.

“நீயுமாடா!”

எனக்கு என்ன கோபம் என்று எனக்கே கொஞ்ச தூரம் போன பிறகுதான் புரிந்தது. அவள் ஏமாற்றியது இல்லை. அவள் என்னை ஏமாற்றாத நாள் எது, மூன்று சட்டை வாங்கிவிட்டு ஒன்றுதான் வாங்கினேன் என்பவள் அவள். மலையின் எந்தப் பக்கத்து இலை என்று சொல்கிற நாக்கு, கண் முன்னால் வைத்த டம்ளரில் மாத்திரை இருந்ததைச் சொல்லவில்லையே. அதையே தெய்வீக ருசி என்று வகுப்பு வேறு எடுத்திருக்கிறேன். இது வெளியே தெரிந்தால் ஆபீஸில் என் மானம் கப்பலேறிவிடும்.

“இந்த நாக்கை வெட்டிப் போடணும்” என்றேன்.

“ஏன் அத்தான் அப்படிச் சொல்றீங்க?” என்றான் மச்சினன். “என்னன்னு தெரியாட்டியும், இல்லன்ன உடனே கண்டுபிடிச்சிருச்சே. வேற யாராவது இருந்தா அதே ஜூஸ்னு குடிச்சிட்டு, பேசாம நாளைக்குப் போய்ப் படுத்திருப்பாங்க.”

அதுவரை நான் அதை அந்தப் பக்கமிருந்து பார்க்கவில்லை. நாளைக்கு இந்நேரம் ஆபரேஷன் மேஜையில், ஒட்டாத ரத்தத்தோடு, மண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். நாக்கு சும்மா இருந்திருந்தால் அதுதான் நடந்திருக்கும். நாக்கு சொல்லியும் இவள் எழுந்து நிற்காமல் இருந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். எழுந்து நின்றால் நான் இப்படித்தான் கத்துவேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்து நின்றாள். கத்தலை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் இன்னும் ஜன்னல் பக்கம்தான் இருந்தாள், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. வரவில்லை. “பசிக்குதா?” என்று கேட்டேன். “வாயை மூடிக்கிட்டு வாங்க” என்றாள். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

காத்திருந்த நாட்களில் தினமும் சாயங்காலம் ஜூஸ் வந்தது. உறுத்தல் இல்லாத வழுவழு ஜூஸ். ஒவ்வொரு டம்ளரும் குடிக்கும்போது உள்ளே புது அணுக்கள் ஊறுவதாக நினைத்துக்கொள்வேன். அவள் டம்ளரை நீட்டும்போதே, “வெறும் எலுமிச்சம்பழம்தான்” என்று சொல்லிவிடுவாள், நான் கேட்காமலேயே. நெஞ்சில் ஏதாவது செய்கிறதா என்று நாளைக்குப் பத்துத் தடவை கேட்பாள். மருத்துவமனையில் ரத்தத்தைச் சோதித்து, இப்போது ஒழுங்காக ஒட்டுகிறது என்றார்கள். மறுபடி பெட்டியோடு போனோம்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். கண் விழித்தபோது தலை முழுக்கக் கட்டு, முகம் வீங்கி ஒரு கண்தான் திறந்தது. அந்த ஒரு கண்ணில் மூளை டாக்டர் தெரிந்தார். நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“கட்டி முழுசா வந்துடுச்சு. ரத்தம் சொன்ன பேச்சைக் கேட்டுச்சு. இடது நரம்பு அப்படியே இருக்கு. வேலை செய்யுதான்னு வீக்கம் வத்தினப்புறம்தான் தெரியும்” என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கைதானே உள்ளே போய்வந்தது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வேறு வேலை இருந்திருக்கும், ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வீக்கம் வற்றும்வரை உலகம் வாசனை இல்லாமல் கிடந்தது. சோப்பு, மருந்து, சாப்பாடு எல்லாம் ஒரே வெறுமை. நான் யாரிடமும் அதைப் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒருநாள் காலை வார்டில் அவள் என் முகத்தைத் துடைக்கக் குனிந்தபோது ஏதோ ஒன்று மெல்ல உள்ளே வந்தது. பச்சையாக, கூர்மையாக, எலுமிச்சம்பழத் தோல்.

“வீட்டுல எலுமிச்சம்பழம் நறுக்கினியா?”

அவள் கை அப்படியே நின்றது. “தம்பிக்கு ஜூஸ் போட்டுக் குடுத்துட்டு வந்தேன்” என்றாள். “கையைக் கழுவிட்டுத்தானே வந்தேன்.”

“சரியா கழுவல” என்றேன். இரண்டு பேரும் அழுததைப் பார்த்துப் பக்கத்துப் படுக்கைக்காரர் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

திரும்ப ஆபீஸுக்குப் போனேன். வலது மூக்கு போனது போனதுதான், இப்போதெல்லாம் கிண்ணத்துக்குமேல் தலையைச் சாய்த்து இடது மூக்கைக் கொடுத்து முகர்கிறேன். உதவியாளர் நான் மதிப்புச் சொன்ன முதல் கிண்ணத்தைத் தானும் ருசி பார்த்துவிட்டு, “சரியா இருக்கு சார்” என்று சத்தமாகச் சொன்னார். வேண்டுமென்றேதான் சத்தமாகச் சொன்னார். எல்லோரும் தத்தம் வேலையை நிறுத்திக் கைதட்டினார்கள். வகுப்பில் இப்போதும் என் வீட்டு ஜூஸ்தான் உதாரணம், முழுக் கதையும் சேர்த்துச் சொல்கிறேன். கப்பலேற வேண்டிய மானம் ஏறட்டும்.

அடுத்த ஸ்கேன் சுத்தமாக வந்தபிறகு இரண்டு டாக்டர்களும் பேசிக்கொண்டார்கள், ஆஸ்பிரினை மறுபடி தொடங்கலாம் என்றார்கள். அன்று சாயங்காலம் அவள் பிஸ்கட் தட்டோடு இரண்டு டம்ளர்கள் கொண்டுவந்தாள். ஒன்றில் ஜூஸ், ஒன்றில் தண்ணீர். ஒரு சின்னக் கிண்ணத்தில் மாத்திரை தனியாக இருந்தது.

“இனிமே ஒளிவு மறைவு எல்லாம் கிடையாது. இந்தத் தண்ணியில கரைச்சுக் குடிச்சிடுங்க. நாக்குல படலம் கிடலம்னு ஆரம்பிச்சா எனக்குக் கெட்ட கோபம் வரும்” என்றாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

நான் மாத்திரையை எடுத்தேன். இவ்வளவு சின்னதா என்று இருந்தது. இதை வாங்கி, ஒளித்து, யாரும் பார்க்காதபோது கரைத்து, அடியில் படியாமல் கலக்கி, ஒரு நாளும் மறக்காமல், ஒரு நாளும் ஒரு நன்றியும் இல்லாமல் கொடுத்திருக்கிறாள். நான் அதைக் குடித்துவிட்டு, எனக்கு மாத்திரையே தேவைப்படவில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். தண்ணீர் டம்ளரைத் தள்ளிவைத்தேன். மாத்திரையை ஜூஸில் போட்டு, அது நுரைத்துக் கரையும்வரை கரண்டியால் கலக்கினேன். ஒரு வாய் உறிஞ்சினேன், ஆபீஸில் உறிஞ்சுவதுபோலச் சத்தம் வர. புளிப்பு வந்தது. உப்பு வந்தது. பிறகு அடித்தொண்டையில் அது வந்தது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நன்றி” என்றேன்.

எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத சொல் அது. வீட்டில் யார் யாருக்கு நன்றி சொல்வார்கள்? அவள் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, தையல் போட்ட இடத்தில் புதிதாக முளைத்திருந்த முடியை விரலால் ஒதுக்கிவிட்டு உற்றுப் பார்த்தாள்.

“என்னங்க, தலையைத் திறந்து மூடும்போது உள்ள ஏதாவது மாத்தி வச்சுட்டாங்களா?” என்றாள். நான் மீதி ஜூஸையும் ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தேன்.